பேசாத பிள்ளையின் நேயர் விருப்பம்

"மே மொகத்த?"

இது என்ன என்று கேட்டவன் ஓர் இளம் சிப்பாய். இடம் காலி வீதி, பம்பலப்பிட்டி தாண்டிய ஒரு செக்பொயின்ட். வெயில் ஏறத் தொடங்கிய காலை நேரம். பஸ்ஸில் வந்த எல்லோரையும் இறக்கி, பைகளைத் திறந்துகொண்டு வரிசையில் நடக்கச் சொல்லியிருந்தார்கள். கேள்வி என்னிடம்தான். என் பையில் ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குள் பெட்டரிகள். பெட்டரிகளிலிருந்து வயர்கள். வயர்கள் போய் முடியும் இடத்தில், பெட்டியின் தலையில், உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு பட்டன்கள். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம்.

கொழும்பில் எல்லோருடைய பைக்குள்ளும் யாராவது கையை விட்டுப் பார்த்த காலம் அது. சோற்றுப் பார்சலைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தருவார்கள். அந்தக் காலத்தில் இப்படியொரு பெட்டியைச் சொல்லிச் செய்வித்து, சொப்பிங் பேக்கில் போட்டு, மருதானையில் பஸ் ஏறி, ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, அதன்மேல் விரலால் தாளமும் போட்டபடி வந்த மனிதன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"மே மொகத்த?" சிப்பாய் இரண்டாம் முறை கேட்டான்.

எனக்குச் சிங்களம் நன்றாகவே வரும். மீன்காரனிடம் பேரம் பேசுவேன், கண்டக்டரிடம் சண்டை பிடிப்பேன். ஆனால் அந்த நிமிடத்தில் நான் கற்ற சிங்களம் முழுவதும் என்னை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டது. ஒரேயொரு வசனம் மட்டும் ஏற மறந்து நின்றது. அதையே சொன்னேன்.

"மேக்க போம்பயக் நெமெய் மஹத்தயா."

இது குண்டு இல்லை ஐயா.

அதுவரை அந்த வரிசையில் யாரும் அந்தச் சொல்லை உச்சரித்திருக்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற ஓர் அம்மா கையிலிருந்த வாழைப்பழச் சீப்பைத் தார் ரோட்டில் போட்டுவிட்டு, தன் வயதுக்குச் சற்றும் பொருந்தாத வேகத்தில் கடலை நோக்கி ஓடினார்.

அவர் ஓடட்டும். அந்தப் பெட்டி எதற்கு என்று சொல்லிவிட்டு வருகிறேன்.

எந்தக் கடவுளும் கோபிக்காத பாட்டு

வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளம்தான் எங்கள் பள்ளிக்கூடம். வாய்ப்பேச்சு வராத பிள்ளைகளுக்கானது. காது கேட்கும், எல்லாம் விளங்கும், சொல் மட்டும் வராது. ரயில் போனால் கூரை அதிரும். உப்புக்காற்றில் ஜன்னல் கம்பிகள் துருப்பிடித்து, தொட்ட விரலெல்லாம் செங்கல் நிறமாகும்.

நான் அங்கே சங்கீத மாஸ்டர். கொட்டாஞ்சேனைக் கல்யாண வீடுகளில் நான் ஆர்மோனியம் வாசித்துப் பெற்ற புகழையும், கீபோர்ட் வந்ததும் அந்தப் புகழ் போன வேகத்தையும் இத்தொடரை வாசிப்பவர்கள் அறிவீர்கள். வேறு வேலை கிடைக்காததால் வந்தேன். அப்போது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

பிரின்சிபால் மிசிஸ் ஞானமுத்து. யாழ்ப்பாணத்தில் பெரிய பள்ளிக்கூடங்களில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். பென்சனை இந்த வீட்டு வாடகைக்குக் கொட்டியவர். நல்ல மனுஷி. ஆனால் அவர் இருமினால் நான் எழுந்து நிற்பேன்.

தினமும் காலையில் ஒரு பிரார்த்தனைப் பாட்டு. பிள்ளைகள் எல்லாச் சமயத்திலும் இருந்ததால், எந்தக் கடவுளின் பெயரும் வராமல், எந்தக் கடவுளும் கோபிக்காமல், மிசிஸ் ஞானமுத்துவே எழுதி, மெட்டுப் போட்டு, தன் குரலிலேயே கசெட்டில் பதிந்திருந்தார். ஆர்மோனியம் அடியேன். பாட்டு நீளம். கடவுள் பெயரைச் சொல்லாமல் கடவுளைப் பற்றிச் சொல்ல எவ்வளவோ சுற்ற வேண்டியிருக்கிறது அல்லவா!

இந்தப் பாட்டைத்தான் ஷெரினால் தாங்க முடியவில்லை.

ஷெரினுக்கு ஒன்பது வயதிருக்கும். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பிள்ளை. தகப்பனுக்குத் துறைமுகத்தில் வேலை. தாய் பிலோமினா அக்கா தினமும் பஸ்ஸில் கூட்டிவந்து, பள்ளி விடும்வரை வராந்தாவிலுள்ள நீள மரவாங்கில் உட்கார்ந்து காத்திருப்பார். கசெட் சுழலத் தொடங்கி இரண்டாவது வரி வருவதற்குள் ஷெரின் காதுகளைப் பொத்துவாள். பிறகு தன் கையைக் கடிப்பாள். பிறகு அலறுவாள். அவள் அலற, மற்றப் பிள்ளைகளும் அழத் தொடங்க, பாட்டு மட்டும் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும்.

"இவளுக்குச் சங்கீதமே ஒவ்வாது போல" என்று முடிவு கட்டினோம். நானும் தலையாட்டினேன். தலையாட்டுவது அந்தப் பள்ளிக்கூடத்தில் என் பிரதான கடமை.

மேசைக்குக் கீழே

அந்த முடிவை உடைத்தது ஒரு லொறி.

பெரிய பள்ளிக்கூடங்களின் கிரிக்கெட் மேட்ச் நெருங்கிவிட்டால் கொழும்புக்குப் பைத்தியம் பிடிக்கும். பையன்கள் கொடிகளோடு லொறியில் ஏறி, ட்ரம்பெட் ஊதி, ட்ரம் அடித்து, தெருத்தெருவாகப் போவார்கள். பபரே என்று அதற்குப் பெயர். சுதி கிடையாது, வெட்கம் கிடையாது, சந்தோஷம் மட்டும் உண்டு. யுத்தம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் பபரே நடக்கும்.

அன்று ஒரு லொறி வழி தவறி எங்கள் ஒழுங்கைக்குள் வந்துவிட்டது. வந்த வேகத்தில் ஒருவன் சீனவெடிக் கட்டைக் கொளுத்தி எங்கள் கேட்டுக்கு முன்னால் போட்டான்.

ஒரு வெடி கேட்டால் தரையில் விழ வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்திருந்தோம். சொல்லிக் கொடுத்தவன் நான். பிள்ளைகளைப் பத்திரமாக மேசைக்குக் கீழே அனுப்ப வேண்டியவனும் நான்தான். அனுப்பப் பார்த்தபோது மேசைக்குக் கீழே இடமில்லை. ஏற்கெனவே அங்கே நான் இருந்தேன், ஆர்மோனியத்தைக் கட்டிப்பிடித்தபடி.

"தம்பி, கொஞ்சம் தள்ளுங்கோ" என்று மிசிஸ் ஞானமுத்து இரண்டு பிள்ளைகளோடு உள்ளே நுழைந்தார்.

அங்கிருந்து பார்த்தேன். ஷெரின் மட்டும் வராந்தாவைத் தாண்டி ஓடுகிறாள். கேட்டின் கம்பிகளை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, முகம் முழுக்கச் சிரிப்பாக, குதிக்கிறாள். ட்ரம் அடிக்கு ஒரு குதி. ஓர் அடியும் தவறவில்லை. சங்கீத மாஸ்டர் சத்தியமாகச் சொல்கிறேன், என் கல்யாண வீட்டுத் தபேலாக்காரன்கூட அப்படித் தாளம் பிடித்ததில்லை. லொறி போன பிறகும் வெடிப்புகைக்குள் நின்று, அது திரும்ப வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிலோமினா அக்கா வாங்குக்கு அடியிலிருந்து எழுந்து சாரியைத் தட்டினார். "மாஸ்டர், பார்த்தீங்களா? என்ட பிள்ளைக்குப் பாட்டுப் பிடிக்கும். இந்தக் கூத்துத்தான் பிடிக்கும் போல."

இது பள்ளிக்கூடமா, ரேடியோவா?

அதே வாரத்தில் ஷெரின் தன் கையை ரத்தம் வரும்வரை கடித்துவிட்டாள். மிசிஸ் ஞானமுத்து என்னையும் பிலோமினா அக்காவையும் அறைக்குள் அழைத்தார்.

"பிள்ளைக்கும் வேதனை, மற்றவைக்கும் வேதனை. திங்கக்கிழமையில இருந்து கொஞ்ச நாளைக்கு வீட்டில வச்சிருங்கோ."

கொஞ்ச நாள் என்றால் என்ன என்று அந்த அறையில் இருந்த மூவருக்கும் தெரியும். கொழும்பில் அந்தப் பிள்ளைக்கு வேறு பள்ளிக்கூடம் இல்லை. வீடு என்பது கொட்டாஞ்சேனையில் ஓர் அறை, ஒரு ஜன்னல். பிலோமினா அக்கா மகளின் கடித்த கையைத் தன் முந்தானையால் சுற்றிக்கொண்டிருந்தார்.

என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது. "டீச்சர், அவளுக்குப் பாட்டுப் பிடிக்காமல் இல்லை. அந்தப் பாட்டுப் பிடிக்காது."

சொன்ன பிறகுதான் அந்தப் பாட்டு யாருடையது என்று நினைவு வந்தது.

"ஓ?" என்றார் மிசிஸ் ஞானமுத்து. ஓரெழுத்து. "அப்ப என்ன செய்யிறது? ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு பாட்டுப் போடுறதோ? இது பள்ளிக்கூடம் தம்பி, ரேடியோவில நேயர் விருப்பம் இல்லை."

"போடலாம் டீச்சர். அவளே தெரிவு செய்யிற மாதிரி ஒரு பெட்டி செய்து காட்டுறன். வெள்ளிக்கிழமை."

அந்தப் பெட்டி எப்படி இருக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பும் இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை எப்படி இருக்கும் என்று மட்டும் நன்றாகத் தெரிந்தது.

"சரி. அன்றைக்கும் கையைக் கடிச்சா, நான் சொன்னதுதான்" என்றார் அவர்.

மருதானை விஞ்ஞானம்

மருதானையில், ஸ்டேஷனுக்கு எதிர்ப்பக்கச் சந்துக்குள், ரேடியோ திருத்தும் ஃபாரூக் நானாவின் கடை. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். என் ஆர்மோனியத்தையே அவரிடம் கொடுத்துத் திருத்தியவன் நான். "இதில வயரே இல்லையே தம்பி" என்று திட்டித் திட்டித் திருத்தினார்.

யோசனை இதுதான். இரண்டு சின்ன கசெட் பிளேயர். இரண்டிலும் 'பிளே' கட்டை எப்போதும் அமுங்கியே இருக்கும். ஆனால் பெட்டரியிலிருந்து போகும் வயரை வெட்டி நடுவில் ஒரு பட்டன். அமர்த்தினால் பாடும். கையை எடுத்தால் நிற்கும். சின்னக் கையும் தவறாமல் அமர்த்தப் பெரிய பட்டன் வேண்டும். நானா பழைய லொறி இரண்டிலிருந்து ஹோர்ன் பட்டன்களைக் கழற்றிச் சாயம் பூசினார். சிவப்பில் பபரே. நீலத்தில் மிசிஸ் ஞானமுத்து.

பபரேயை நானே மேட்சுக்குப் போய், மைதானத்தில் ட்ரம்காரனின் முதுகோடு ஒட்டி நின்று பதிந்தேன். இரண்டு நாள் எனக்கு ஒரு காது கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் எனக்காகவே நேரத்தோடு கடை திறந்திருந்தார் நானா. பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, இத எப்படிக் கொண்டுபோற?"

"பஸ்ஸில."

"யா அல்லாஹ்." கொஞ்ச நேரம் சிரித்தார். "ஆட்டோவில போனாலும் நிப்பாட்டுவான், நடந்து போனாலும் நிப்பாட்டுவான். சரி, போங்க. ஒண்டு மட்டும் செல்றேன். யாரும் கேட்டா, எங்க செஞ்சதெண்டு எனக்கே தெரியாது."

நான் சிரித்துக்கொண்டே பஸ் ஏறினேன். சங்கீதம் சம்பந்தப்பட்ட பொருளை யார் சந்தேகிப்பார்கள் என்பது என் எண்ணம்.

துவபங்! துவபங்!

இப்போது வாழைப்பழச் சீப்பு கிடக்கும் இடத்துக்கு வருவோம்.

வரிசை கலைந்துவிட்டது. மணல்மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு சார்ஜன்ட் எழுந்து வந்தார். நரைத்த மீசை. பெட்டியை ரோட்டில் வைக்கச் சொன்னார். வைத்தேன். கைகளைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். யாரும் சொல்லாமலே கண்களையும் மூடிக்கொண்டேன்.

மெல்ல மெல்ல என் சிங்களம் திரும்பி வந்தது. பள்ளிக்கூடம் என்றேன். கதைக்க முடியாத பிள்ளை என்றேன். பாட்டு என்றேன். சார்ஜன்ட் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் தாடையால் பெட்டியைக் காட்டி, "ஒபன்ன" என்றார். அமர்த்து.

சொல்லிவிட்டு எல்லோரும் மூட்டைகளுக்குப் பின்னால் போய்விட்டார்கள். என் வாழ்க்கையில் முதல் தடவையாகக் காலி வீதி முழுவதும் எனக்கு மட்டும் சொந்தமாக இருந்தது.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அது கசெட் பெட்டி என்று எனக்குத் தெரியும். உள்ளே இருந்த ஒவ்வொரு வயரையும் பார்த்தவன் நான். இருந்தும் அந்தக் கணத்தில், 'எங்க செஞ்சதெண்டு எனக்கே தெரியாது' என்று நானா ஏன் சொன்னார் என்று யோசிக்கத் தொடங்கினேன். என் பெட்டியைப் பார்த்து எனக்கே பயம். கையை நீட்டி, முகத்தைத் திருப்பி, அம்மாவை நினைத்து, சிவப்பை அமர்த்தினேன்.

ட்ரம். ட்ரம்பெட். அதற்கு மேலாக ஒரு குரல், தொண்டை கிழிய: "துவபங்! துவபங்! துவபங்!"

ஓடு, ஓடு, ஓடு!

மைதானத்தில் பேட்ஸ்மனைப் பார்த்துக் கத்தியது நான்தான். பதிந்த நேரம் கத்தியது என் நினைவில் இருக்கவில்லை. பெட்டியே ஓடச் சொன்னதும் மிச்சமிருந்த கூட்டமும் ஓடியது. நான் ஓடவில்லை. கால் வரவில்லை.

பிறகு மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம். இளம் சிப்பாய் எழுந்து ட்ரம்முக்குத் தலையை ஆட்டிக்கொண்டு வந்தான். சார்ஜன்ட் மீசையைத் தடவினார்.

"அவுட்த?"

"அவுட், மஹத்தயா" என்றேன். உண்மையிலேயே அவன் ரன் அவுட்.

சிரித்தாலும் சார்ஜன்ட் தன் வேலையை விடவில்லை. பெட்டரிகளைக் கழற்றிப் பார்த்தார். ஒவ்வொரு வயரையும் பிடித்து இழுத்துப் பார்த்தார். எல்லாவற்றையும் திருப்பி வைத்து, "அடுத்த முறை பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வா" என்று சிங்களத்தில் சொல்லி அனுப்பினார். நான் அவருக்குச் சல்யூட் அடித்தேன். ஏன் அடித்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

சிவப்புப் பட்டன்

நான் போய்ச் சேர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. காலைப் பிரார்த்தனையை எனக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். பிலோமினா அக்கா வாங்கில், ஷெரினின் சாப்பாட்டுப் பெட்டி, தண்ணீர்ப் போத்தல், மாற்றுச் சட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி மடியில் வைத்திருந்தார். திரும்பி வராதவர்கள் கட்டுகிற கட்டு.

பெட்டியை ஷெரினுக்கு முன்னால் வைத்தேன். அவள் கையைப் பிடித்துச் சிவப்பின் மேல் வைத்தேன்.

அமர்த்தினாள்.

ஒன்றும் இல்லை.

மறுபடி அமர்த்தினாள். நான் அமர்த்தினேன். பெட்டியைத் தட்டினேன், ஊதினேன், மன்றாடினேன். சார்ஜன்ட் இழுத்த இழுவையில் சிவப்பின் வயர் உள்ளே கழன்றிருக்கிறது.

"என்ன தம்பி?" என்றார் மிசிஸ் ஞானமுத்து.

"ஒரு நிமிஷம் டீச்சர், ஒரே நிமிஷம்." ஸ்க்ரூட்ரைவரைத் தேடி என் சட்டைப் பைகளைத் தடவினேன். பஸ் டிக்கெட்டும் தலைவாரும் சீப்பும் இருந்தன.

அதற்குள் ஷெரின் நீலத்தைக் கண்டுவிட்டாள்.

"வேண்டாம்!" என்று நானும் பிலோமினா அக்காவும் ஒரே குரலில் சொன்னோம். கை அமர்ந்துவிட்டது.

மிசிஸ் ஞானமுத்துவின் குரல் பாடத் தொடங்கியது. ஷெரினின் முகம் சுருங்கியது. மற்றக் கை வாய்க்குப் போனது. பிலோமினா அக்கா பையோடு எழுந்துவிட்டார். ஷெரின் பட்டனிலிருந்து கையை வெடுக்கென்று எடுத்தாள்.

பாட்டு ஓர் இழுவை இழுத்து, பெண் குரல் ஆண் குரலாகி, ஆண் குரல் எருமைக் குரலாகி, நின்றது.

ஷெரின் அசையவில்லை. வாய்க்குப் போன கை பாதியில் நின்றது. பெட்டியைப் பார்த்தாள். தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். மெல்ல மறுபடி அமர்த்தினாள். பாடியது. எடுத்தாள். எருமை, மௌனம்.

அவள் சிரித்தாள்.

அமர்த்தினாள், எடுத்தாள். இந்த முறை அரை வரிக்கு விட்டாள். அடுத்த முறை ஒரு வரி. நிறுத்திவிட்டு மிசிஸ் ஞானமுத்துவை நிமிர்ந்து பார்த்தாள், அடுத்த வரி தன் கையில் இருக்கிறது என்பதுபோல.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு அந்தப் பாட்டுப் பிடிக்கவில்லை என்று நான் வீரமாக வாதாடியது பாதிதான் சரி. நிறுத்த முடியாமல் போனதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. நமக்கு ஒரு பாட்டு அலுத்தால் 'போதும்' என்போம், ரேடியோவைத் திருகுவோம், எழுந்து போவோம். அவளிடம் இருந்தது தன் கையும் பல்லும்தான்.

மிசிஸ் ஞானமுத்து பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அவருடைய பாட்டு துண்டு துண்டாக வெட்டப்பட்டுக்கொண்டிருந்தது. பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சாரித் தலைப்பால் துடைத்தார்.

"மூன்றாவது சரணம் கொஞ்சம் நீளம்தான்" என்றார். "திங்கக்கிழமை பிள்ளை வரட்டும். அந்தச் சிவப்பையும் திருத்திக்கொண்டு வாங்கோ தம்பி. ஆட்டோவுக்கு நான் காசு தாறன்."

கேட்டடியில்

பள்ளி விட்டதும் ஷெரின் பெட்டியை விட்டு வர மறுத்தாள். பிலோமினா அக்கா கெஞ்சிப் பார்த்தார். "வா மகள், திங்கக்கிழமை வருவோம் தானே." கடைசியில் இடுப்பைப் பிடித்து வராந்தாவுக்குத் தூக்கி வந்தார். அழப்போகிறாள் என்று நானும் பின்னால் போனேன்.

அவள் அழவில்லை. தாயைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளங்கையை விரித்து, தாயின் தோளில் வைத்து, அமர்த்தினாள்.

"என்னம்மா? என்ன வேணும்?"

கையை எடுத்துவிட்டு மறுபடி அமர்த்தினாள். இந்த முறை பலமாக.

பிலோமினா அக்கா என்னைப் பார்த்தார். உள்ளேயிருந்து மிசிஸ் ஞானமுத்துதான் சொன்னார்: "பாடச் சொல்லுறாள். பாடுங்கோ பிள்ளை."

"நானா டீச்சர்? இவள் கைக்குழந்தையா இருக்கக்குள்ள பாடினேன். காதைப் பொத்திக்கொண்டு கத்துவாள். அதோட விட்டுட்டேன், இத்தனை வருஷமா..."

தோளில் கை அமர்ந்தபடியே இருந்தது.

பிலோமினா அக்கா பாடினார். கோயில் பாட்டோ, தாலாட்டோ, முதலில் எதுவென்றே விளங்கவில்லை. குரல் துருப்பிடித்திருந்தது. ஒரு வரி முடிவதற்குள் ஷெரின் கையை எடுத்தாள். தாய் அந்த எழுத்திலேயே நிறுத்தினார், வாய் திறந்தபடி. ஷெரின் அந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். மறுபடி கையை வைத்தாள். தாய் விட்ட எழுத்திலிருந்து தொடங்கினார்.

அவர்கள் ஒழுங்கையில் காலி வீதியை நோக்கி நடந்தார்கள், மகளின் கை தாயின் தோளுக்கு எட்டி எட்டிப் போக. நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். கொஞ்சம் பாட்டு. மௌனம். கொஞ்சம் பாட்டு. ஒரு ரயில் வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டுப் போனது. ரயில் போன பிறகு காதைக் கூர்மையாக்கினேன். ஒழுங்கையின் முடிவில், திருப்பத்துக்கு அப்பால், பாட்டு நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. நான் அங்கே நின்றவரை ஷெரின் கையை எடுக்கவில்லை.